கூட்டித் துடைக்கிற மிஷினை ஓட்டிப் பார்த்தவன் நான்

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி போட்டு ஒரு வீட்டுச் சாமான் கடை இருக்கிறது. அதைக் கட்டியவன் நான். அரியலூரில் அதற்கு ஒரு கிளை இருக்கிறது. அதையும் கட்டியவன் நான்தான். அதற்கு முன்னால் அதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டு கிரைண்டர் கல் கொத்தினேன், மிக்ஸி மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றினேன். அந்தக் கொட்டகையை ஒரு தடவை காற்று தூக்கிக்கொண்டு போனது. இன்னொரு தடவை ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வந்து பிரித்துப் போட்டார்கள். இரண்டு தடவையும் மறுநாள் காலையில் வெயிலில் சாக்கை விரித்து உட்கார்ந்து வேலை பார்த்தேன். அதற்கும் முன்னால் அரியலூரில் சிமெண்டு மூட்டை தூக்கினேன். நான் படித்தது ஐந்தாவது. பேங்கில் உட்காரச் சொல்ல ஆள் இல்லாமல் நின்றபடியே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிறகு அதே பேங்கில் புது மேனேஜர் வந்தால் முதலில் என் கடைக்கு வந்து கும்பிடு போட்டுவிட்டுப் போகிற மாதிரி ஆக்கினேன். கிணறு வெட்டினேன், மாடி கட்டினேன், ஒரே மகனை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தேன். கை தூக்கிவிட ஒருவரும் வரவில்லை. காலை வாரிவிட வந்தவர்களுக்குக் குறைவில்லை. அவர்களும் பிற்பாடு என் கடையில்தான் ஃபிரிட்ஜ் வாங்கினார்கள்.

பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி. பெருமைப்பட எனக்கு விஷயம் இருக்கிறது. ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

போன தீபாவளிக்குப் பிறகு எங்கள் கடை பேரில் போனில் ஒரு வீடியோ போட்டார்கள். வீட்டைத் தானாகவே கூட்டித் துடைக்கிற ரோபோ மிஷின் நம்ம ஊருக்கு ஒத்துவருமா, வராதா என்பது விஷயம். வேப்பந்தட்டையிலிருந்து ஜெயங்கொண்டம் வரைக்கும் அதைப் பார்க்காத ஆள் இல்லை. அந்த மிஷினில் என்ன சிக்கல் என்று கண்டுபிடித்தது யார் என்பதை மட்டும் அதில் சொல்லவில்லை. கண்டுபிடித்தவன் நான். நானும் அந்த வீடியோவில் இருக்கிறேன். மிஷின் நாற்காலிக்கு அடியில் போவதற்காகத் தூக்கிக்கொண்டிருக்கிற இரண்டு கால்கள் இருக்கின்றனவே, அவை என்னுடையவை. முழங்காலுக்கு மேல் நான் இல்லை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அதை ஏற்படுத்தியவனும் நான். புது மாடல் எது வந்தாலும் கடையில் அடுக்குவதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்து என் வீட்டில் போட்டு ஓட்டுவோம். கிரைண்டர் என்றால் பழைய உளுந்தைப் போட்டு அரைப்போம், புது உளுந்தில் எந்தக் கிரைண்டரும் நல்லாத்தான் அரைக்கும். மிக்ஸி என்றால் விரலி மஞ்சள். துணி துவைக்கிற மிஷின் என்றால் சிமெண்டு லோடு ஏற்றுகிறவர்களின் சட்டையைக் கேட்டு வாங்கிவந்து போடுவேன். என் மனைவி திட்டிக்கொண்டேதான் ஓட்டுவாள். அவளிடம் பாஸானதைத்தான் விற்போம். "அவரு வூட்டுல ஓடுனதா?" என்று கேட்டு வாங்குகிற ஜனம் இந்த இரண்டு ஜில்லாவிலும் இருந்தது.

மகன் கடைக்கு வந்த பிறகு இந்த வழக்கம் நின்றது. "எல்லாம் பேப்பர்ல போட்டுருக்குப்பா. நாம எதுக்குப் பிரிக்கணும், பொட்டி கெட்டுப்போவும்" என்றான். எந்தப் பேப்பரிலும் கம்பெனிக்காரன் தன் சாமானைக் குறை சொல்லி எழுதி நான் பார்த்ததில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளை தலையெடுக்கிறான், நாம் குறுக்கே நிற்கக்கூடாது என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு அவன் இந்த ரோபோ மிஷினை இறக்கினான். ஆகக் கூடின விலையும் இல்லை, ஆகக் குறைந்த விலையும் இல்லை, நடுத்தரம். வட்டமாக, தட்டையாக, இட்லிக் குண்டான் மூடியைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருக்கும். நடு முதுகில் ஒரு சின்னக் குமிழ். அடியில் உருளை பிரஷ், ஓரத்தில் காற்றாடி மாதிரி ஒரு பிரஷ், பின்னால் சின்னத் தண்ணீர்த் தொட்டி, அதற்குக் கீழே ஈரத்துணி. குப்பையை உறிஞ்சிக்கொண்டே பின்னால் துடைத்துக்கொண்டு போகும். வேலையை முடித்துவிட்டுத் தானாகப் போய் சார்ஜில் நின்றுகொள்ளும். கடையில் ஓட்டிக் காட்டினார்கள். தீபாவளி நேரம், கையில் போனஸ் வைத்திருந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுவாரமே திரும்ப வர ஆரம்பித்தது. எல்லோரும் ஒரே குறைதான் சொன்னார்கள். வழி தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. "தட்டாமால சுத்துதுங்க" என்றார் ஒருவர். "எங்க வூட்டுல வந்து பேய் புடிச்சிருச்சு" என்றார் பூலாம்பாடிக்காரர். கடைக்கு வந்ததும் எங்கள் ஆட்கள் துடைத்து, சுத்தம் பண்ணி, தரையில் விட்டுப் பார்ப்பார்கள். நேராக ஓடும். நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தால், வீட்டுக்குப் போனதும் மறுபடி சுற்றும். திருச்சியிலிருந்து கம்பெனி ஆள் வந்து பார்த்தார். மிஷினில் ஒரு கோளாறும் இல்லை, உங்கள் ஊர் வீடுகளின் தரைதான் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகன் மிச்சமிருந்த பெட்டிகளைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு பண்ணினான். "நம்ம ஊருக்கு இது ஒத்துவராதுப்பா" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"ஒத்துவராதுன்னு நீ எப்புடிச் சொல்ற? ஓட்டிப் பாத்தியா?"

"அதான் அத்தன பேரு ஓட்டிட்டுத் திருப்பிக் கொண்டாந்துட்டாங்களே."

"அவங்க வாங்கினவங்க. நான் கேக்குறது வித்தவன் ஓட்டிப் பாத்தானான்னு."

மறுநாள் ஒரு பெட்டி வீட்டுக்கு வந்தது. வாயை அடைக்கத்தான் அனுப்பினான் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கடை சாமானை ஒத்துவராது என்று என் மகனே சொல்லும்போது, அது நிஜமா பொய்யா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

பெட்டியைப் பிரித்ததும் என் மனைவி முதல் வேலையாகச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் எந்தச் சாமான் வந்தாலும் பொட்டு வைக்காமல் ஸ்விட்சு போடக்கூடாது. எங்கள் வீட்டில் என்றில்லை, இந்தப் பக்கம் எந்த வீட்டிலும் அப்படித்தான். வண்டிக்கு வைப்போம், மோட்டாருக்கு வைப்போம், ஃபிரிட்ஜுக்கு அதன் நெற்றி எங்கே என்று பார்த்து வைப்போம். இதற்கு நெற்றி அந்தக் குமிழ்தான் என்று அவள் முடிவு பண்ணினாள். அதைச் சுற்றி மூன்று பக்கமும் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். நான் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தேன். ஏறி நசுக்க அதற்குச் சக்தி இல்லை. ஓரமாகத் தள்ளிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு முழம் போனது, நின்றது, சுற்ற ஆரம்பித்தது. நிறுத்திப் போட்டால் மறுபடி சுற்றியது. கூடம் இருக்கிறது, பெட்ரூம் இருக்கிறது, எதற்கும் போகவில்லை. சாமி வந்த ஆள் மாதிரி ஒரே இடத்தில்.

"இதுக்கு நான் வெளக்குமாறு எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்துருவேன்" என்றாள் மனைவி.

"நீ இழுப்ப. ஊர்ல உள்ளவ இடுப்பு வலின்னு இத வாங்கிட்டுப் போயிருக்கா. அவளுக்கு என்ன பதிலு?"

"எனக்கு மட்டும் இடுப்பு என்ன இரும்புலயா அடிச்சிருக்கு?"

அது குப்பையைத் தேடிப் போகாவிட்டால் குப்பையை அதனிடம் கொண்டுபோவது என்று நான் முடிவு பண்ணினேன். சுற்றுகிற வட்டத்துக்குள்ளேயே ஒவ்வொன்றாகக் கொட்டிப் பார்த்தேன். படித்தவன் இதைச் செய்யமாட்டான், சிரிப்பார்கள் என்று பயப்படுவான். மக்காச்சோளத் தூசியைப் போட்டேன், நன்றாக உறிஞ்சியது. அரியலூர் கிளையின் வாசலில் லாரி போய்ப் போய்ப் படிகிற வெள்ளைத் தூசி இருக்கிறதே, அதை ஒரு பையில் அள்ளிவரச் சொல்லிப் போட்டேன். அதையும் உறிஞ்சியது, ஆனால் பின்னால் ஈரத்துணி தொட்ட இடமெல்லாம் பூசின மாதிரி ஆகிவிட்டது. சின்ன வெங்காயச் சருகைப் போட்டேன். அங்கேதான் தோற்றது. எங்கள் பக்கம் வெங்காயத்தை இருப்பு வைக்கப் பட்டறை போட்ட வீட்டில் வெங்காயச் சருகு பறக்காத மூலை கிடையாது. ஓரத்துப் பிரஷ் சருகை உள்ளே தள்ளுவதற்குப் பதிலாக வெளியே விசிறி அடித்தது. பூத்தொடுத்த நார், பெண்பிள்ளைகள் தலைமுடி இரண்டும் உருளையில் சுற்றிக்கொண்டன. கத்திரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

துடைப்பதும் சுமார்தான். ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போகிறதே தவிர, அழுத்தம் கிடையாது. சாப்பிட்ட இடத்தில் சாம்பார் காய்ந்திருந்தால் அதன்மேல் நாசூக்காகப் போய்விடும். போர்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் காய்ந்த பிறகு கறுப்புக் கல் தரையில் உப்புக் கோடு தெரிகிறது. ஒரு நாள் பொழுது ஊற்றி வைத்தால் தண்ணீர் சொட்டுகிற துளையே அடைத்துக்கொள்கிறது. ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் இரண்டும் இல்லை. குடிக்கிற தண்ணீரைத் தரைக்கு ஊற்றுவதா என்று என் மனைவி ஒரு பாட்டம் பேசினாள். ஏசியில் சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்று என்று வழி சொன்னேன். அதுவும் வீடியோவில் வந்தது. யார் சொன்னது என்று வரவில்லை.

இதெல்லாம் சில்லறைக் குறைகள். வழி தெரியாமல் சுற்றுவதுதான் தலைக் குறை. அது ஏன் என்று தெரிந்தாக வேண்டும். நான் பஸ் ஏறினேன்.

முதலில் அரியலூர். மிஷினைத் திருப்பிக் கொடுத்த ஒரு டீச்சரம்மா வீடு. வீட்டைப் பார்த்தேன். தரை வழவழப்பான டைல்ஸ், நிலைப்படிகூட உயரமில்லை. ரோட்டை ஒட்டின வீடு, தூசி அதிகம். தூசிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். மறுநாள் லெப்பைக்குடிகாடு போனேன். அங்கே மூன்று மிஷின் போயிருந்தது, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எடுத்து மூலையில் போட்டிருப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். அந்தம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தது.

"வாங்கண்ணே, உக்காருங்க. என்ன, நீங்களே வந்திருக்கீங்க?"

"அந்தக் கூட்டுற மிஷினு எப்புடிம்மா இருக்கு? ஓடுதா?"

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு கொறையும் இல்லண்ணே. காலைல தட்டிவுட்டா மூணு ரூமும் சுத்திட்டுப் போயி அது எடத்துல நின்னுக்குது. எங்க மாமியாதான் அதுக்கு வழிவுடமாட்டாங்க. நடுவுல காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருவாங்க. அதுவும் சுத்திக்கிட்டுப் போவுது, சண்ட போடறதில்ல."

ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஓடியது. கோடு போட்ட மாதிரி போய்த் திரும்பி, கட்டில் அடியில் புகுந்து வந்தது. அதே மாடல், அதே லாட்டில் வந்த சரக்கு. தரையும் டைல்ஸ்தான், தூசியும் குறைவில்லை, வாசலில் மணல் குவிந்து கிடந்தது. மற்ற இரண்டு வீட்டிலும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஓடுகிறது. பஸ்ஸில் வரும்போது எனக்கு வேறு யோசனையே இல்லை. இங்கே ஓடுகிறது, அங்கே ஓடவில்லை. என்ன வித்தியாசம்? கரண்டா, தண்ணீரா, தரையா? ஒன்றும் பிடிபடவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. நான் குளித்துவிட்டு வருகிறேன், கூடத்தில் மிஷின் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. சோபாவைச் சுற்றிக்கொண்டு போகிறது. பெட்ரூமுக்குள் போகிறது. நான் ஈரத் தலையோடு அதன் பின்னாலேயே போனேன்.

"இத என்னாடி பண்ணுன?"

"நான் என்ன பண்ணுனேன், நான் தொடவே இல்ல" என்றாள் மனைவி. பிறகு, "வெள்ளிக்கெழம ஆச்சேன்னு பழைய பொட்டத் தொடச்சேன். புதுசு வைக்கச் சந்தனம் ஒரசப் போனேன், தொடைக்கையில சுச்சுல கை பட்டுருக்கும்போல, அதுக்குள்ள கெளம்பிருச்சு" என்றாள்.

நிறுத்தச் சொன்னேன். பொட்டை வைக்கச் சொன்னேன். மூன்று பக்கமும் வைத்தாள். ஸ்விட்சைப் போட்டேன், சுற்றியது. துடைக்கச் சொன்னேன். நேராகப் போனது. மறுபடி வைத்தோம், சுற்றியது. மறுபடி துடைத்தோம், போனது.

"என்னா வெளையாட்டு இது, சந்தனத்த வீணாக்கிக்கிட்டு" என்றாள் அவள்.

அப்போதுதான் லெப்பைக்குடிகாடு எனக்குப் புரிந்தது. அங்கே யாரும் மிஷினுக்குப் பொட்டு வைப்பதில்லை. கடையில் ஏன் ஓடியது என்பதும் புரிந்தது. எங்கள் ஆட்கள் சோதனை போடுவதற்கு முன்னால் துடைத்துவிடுகிறார்கள். திருப்பி எடுத்துப் போகிறவர்கள், கடைக்குப் போன சாமான் மறுபடி வீட்டுக்கு வருகிறதே என்று புதுசாகப் பொட்டு வைக்கிறார்கள். எத்தனை பேர் அந்த மிஷினைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பார்கள்? மகன் பார்த்தான், கம்பெனி ஆள் பார்த்தார், கடை ஆட்கள் பார்த்தார்கள். எல்லார் கண்ணிலும் பொட்டு பட்டிருக்கும், ஒருவர் மனசிலும் படவில்லை. மிக்ஸியில் இருக்கும், கல்லாப் பெட்டியில் இருக்கும், தராசில் இருக்கும். இதிலும் இருக்கிறது, அவ்வளவுதான். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியவன் நான் ஒருவன்.

மகனுக்குப் போன் போட்டு வரவழைத்தேன். என் கையாலேயே வைத்துக் காட்டினேன், துடைத்துக் காட்டினேன். அவன் குனிந்து அந்தக் குமிழைப் பார்த்தான்.

"அதுக்குள்ளாற லேசர் சுத்துதுப்பா. அதுதான் இதுக்குக் கண்ணு. சந்தனம் மறைக்கவும் மூணு பக்கமும் ஒட்டினாப்புல செவுரு நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு சுத்தியிருக்கு."

"கண்ணுல கொண்டு போயிப் பொட்டு வச்சா எவனுக்குத்தான் வழி தெரியும்?" என்றேன்.

அவன் சிரித்தான். "நீங்க சொல்றது சரிதாம்ப்பா" என்றான். அன்றைக்கு அவன் சொன்ன அந்த வார்த்தைக்குச் சாட்சி என் மனைவி.

பொட்டைத் தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் வைத்தால் ஒரு குறையும் வராது என்று இடம் பார்த்துச் சொன்னதும் நான்தான். பொட்டே வைக்காதீர்கள் என்று சொன்னால் ஜனம் மிஷினை வைத்துவிட்டுப் போய்விடும், இடத்தை மாற்றி வையுங்கள் என்று சொன்னால் கேட்கும். வியாபாரம் இதுதான். இதை எந்தக் காலேஜிலும் சொல்லித்தரமாட்டார்கள்.

அடுத்த வாரம் என் வீட்டுக் கூடத்தில் லைட்டெல்லாம் வைத்து வீடியோ எடுத்தார்கள். மருமகள்தான் அதையெல்லாம் பார்க்கிறது. என்னையும் உட்காரவைத்து, "நீங்க எப்புடிக் கண்டுபுடிச்சீங்கன்னு சொல்லுங்க மாமா" என்றது. சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். சிமெண்டு மூட்டையிலிருந்து, தகரக் கொட்டகையிலிருந்து, பழைய உளுந்திலிருந்து. வேர் தெரியாமல் மரம் எப்படித் தெரியும்? வெயில் இறங்குகிற வரைக்கும் பேசினேன். மருமகள் தலையை ஆட்டிக்கொண்டே எடுத்தது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீடியோ வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். மகன் நின்று பேசுகிறான். "எங்க டீம் இதை டெஸ்ட் பண்ணிப் பாத்தப்ப ஒரு ஆச்சரியமான விஷயத்தைக் கண்டுபுடிச்சோம்" என்கிறான். பொட்டைக் காட்டுகிறான், சுற்றுவதைக் காட்டுகிறான், துடைத்துக் காட்டுகிறான். வெங்காயச் சருகு வருகிறது, ஏசித் தண்ணீர் வருகிறது. மிஷின் நாற்காலிக்கு அடியில் புகுகிறது. கால்கள் வருகின்றன. முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன், எங்கேயாவது விட்டுவிட்டேனோ என்று. டீம் யார்? அந்த டீமில் எனக்குத் தெரிந்து நானும் என் மனைவியும்தான் இருந்தோம்.

கம்பெனிக்காரர்கள் மகனைத் திருச்சிக்குக் கூப்பிட்டு, மற்ற கடைக்காரர்கள் முன்னால் மேடையில் ஏற்றிச் சால்வை போட்டார்கள். இப்போது பெட்டியிலேயே வட்டமாக ஒரு ஸ்டிக்கர் வருகிறது. தொட்டி மூடியின் மேல் ஒட்டியிருக்கிறது, பொட்டு வைக்கும் இடம் என்று தமிழில் அச்சடித்து. மிஷின் நன்றாக விற்கிறது. திருப்பி அனுப்ப இருந்தவன் இப்போது இன்னும் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறான். சால்வையைக் கொண்டுவந்து என் மேல் போட்டான். நான் எடுத்து மடித்து அவன் கையிலேயே கொடுத்தேன்.

"என்னப்பா கோவம்?"

"டீமுன்னா யாருப்பா?"

"அது அப்புடித்தாம்ப்பா சொல்லுவாங்க. கட பேருலதான வந்துருக்கு? கட போர்டுல யாரு பேரு இருக்கு, உங்க பேருதான?"

"போர்டு தகரம். நான் ஆளு."

அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "நீங்க பேசுனத எப்புடிப்பா போடுறது? மிஷினப் பத்திக் கேட்டா மூட்ட தூக்குனதச் சொல்றீங்க. நான், நான், நான்னு. மூணு நிமிசத்துக்கு மேல எவனும் பாக்கமாட்டான். தள்ளிவுட்டுட்டுப் போயிருவான்."

"மூணு நிமிசத்துல ரெண்டு வார்த்தைக்கு எடமில்லாமப் போச்சா? எங்கப்பா கண்டுபுடிச்சாருன்னா எத்தன வார்த்த?"

"சொல்லியிருக்கலாந்தான். அப்ப தோணலப்பா."

தோணவில்லை. அவன் அப்படிச் சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. வேண்டும் என்று மறைத்தான் என்றால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். போட்டிக்காரன் மறைப்பான், பங்காளி மறைப்பான், அதெல்லாம் பார்த்தவன் நான். என்னைச் சொல்ல வேண்டும் என்று என் மகனுக்குத் தோன்றவே இல்லை என்றால், அதற்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

டீக்கடையில் ஒருவர் கேட்கிறார், "ஒங்க மவன் பெரிய ஆளுங்க, பொட்டுதான் காரணம்னு எப்புடிங்க கண்டுபுடிச்சாரு?" நான் என்ன சொல்ல? நான்தான் என்று சொன்னால், கிழவனுக்குப் பிள்ளை மேலேயே பொறாமை என்பார்கள். சிரித்துவைத்துவிட்டு டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

வீட்டில் வந்து மனைவியிடம் சொன்னால் அவள் என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தேன்.

"ஏங்க, பொட்டத் தொடச்சது யாரு?" என்றாள்.

"நீதான்."

"அப்ப நானு எங்க? ஒங்களுக்காச்சும் காலு வந்துச்சு."

"நீ தொடச்ச. அது ஏன் ஓடுச்சுன்னு கேட்டது நான். நீ பாட்டுக்குத் தொடச்சுட்டு, நீ பாட்டுக்குப் புதுசு வச்சிருப்ப. அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டுக் கெடந்திருக்கும்."

"ஆமா, நாங்க செஞ்சா அது தானா நடந்தது. நீங்க பாத்தா அது கண்டுபுடிப்பு."

இரண்டு நாள் யோசித்தேன். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அவள் பங்கு அவளுக்கு உண்டு. அதற்காக என் பங்கு இல்லாமல் போய்விடாது. தென்னை மரத்திலிருந்து காய் தானாகத்தான் விழுகிறது, எடுத்து உரித்தவனுக்கு ஒன்றும் இல்லையா? லெப்பைக்குடிகாடு வரைக்கும் பஸ்ஸில் போய்வந்தவன் யார்?

மிஷினைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். யாரும் என் ஆத்திரத்தை மிஷின் மேல் காட்டினேன் என்று சொல்லக்கூடாது. நடுத்தர விலைக்கு அது தகும். தினசரி தூசிக்குச் சரி. முதலில் தொட்டியைக் கழற்றிவிட்டுக் கூட்ட விட வேண்டும், பிறகு தொட்டியை மாட்டித் துடைக்க விட வேண்டும். இரண்டையும் சேர்த்து விட்டால் சேறுதான். வெங்காயப் பட்டறை உள்ள வீட்டுக்கு ஆகாது. நிலைப்படி உயரமான பழைய வீட்டில் அறைக்கு அறை தூக்கி வைக்க வேண்டும், அதற்கு விளக்குமாறே மேல். வாரத்துக்கு ஒரு நாள் மனிதக் கை ஒன்று அழுத்தித் துடைத்தே ஆக வேண்டும். குனிய முடியாதவர்களுக்கு உபகாரம். இவ்வளவும் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன், பேப்பரைப் பார்த்து அல்ல.

போன வாரம் மகன் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். அதே கம்பெனியின் அடுத்த மாடல். துணி தானாகவே சுற்றி அழுத்தித் துடைக்குமாம். "கம்பெனியில நம்மளத்தான் மொதல்ல ஓட்டிப் பாக்கச் சொல்லியிருக்காங்கப்பா. ஊருக்கு ஒத்துவருமான்னு நாமதான் சொல்லணுமாம்" என்றான். நாம் என்று சொன்னதைக் கவனித்தேன். நிறுத்தின வழக்கத்தை மறுபடி தொடங்கிவிட்டான். அதில் எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை.

"ஓட்டலாம்" என்றேன். "மொதல்ல ஒரு வீடியோ போடு. போன மிஷினுல பொட்டுதான் சிக்கல்னு கண்டுபுடிச்சது எங்கப்பா, தொடச்சுக் காட்டினது எங்கம்மான்னு."

"அது பழைய விசயம்ப்பா. இனிமே யாரு பாக்கப்போறாங்க?"

"யாரும் பாக்க வேணாம். நீ சொல்லணும்."

அவன் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். பார்க்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று வியாபாரத்தில் பழுத்த எனக்குத் தெரியும். பெட்டி வந்த மாதிரியே கூடத்தில் இருக்கிறது. கம்பெனியிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்களாம். என் மனைவி சந்தனக் கல்லை எடுத்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். நான் பிரிக்கச் சொல்லவில்லை.

ஓரத்தில் சின்ன எழுத்தில் பேர் போட்டால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். டீம் என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ளமாட்டேன். என் மகன் அந்த வீடியோவில் நின்று, தன் வாயால், எங்கப்பா கண்டுபிடித்தார் என்று சொல்ல வேண்டும்.